ஜன்னலில் வண்ண இலைகள்



இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் செப்டெம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம். இலையின் பச்சையம் குறைந்ததும், மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளியே தெரியும். அங்குள்ள பிள்ளைகள் கடதாசி இலைகள் செய்து ஜன்னலை அலங்கரிப்பார்கள். நமது தேயிலை ஆண்டு முழுவதும் பச்சைதான். ஆனாலும் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஐப்பசி மழையில் வீட்டுக்குள் அடைபடும் பிள்ளைகளுக்கு இது நல்ல கைவேலை.

கொய்யா இலையைப் பார்த்து, பிஸ்கட் பெட்டி அட்டையில் பெரிதாக வரையச் சொல்லுங்கள். ஓரத்தில் அரை அங்குலம் விட்டு, நடுப்பகுதியை நீங்கள் வெட்டிக் கொடுங்கள். வெசாக் கூடு செய்து மிஞ்சிய டிசு கடதாசியைப் பின்புறம் ஒட்டட்டும். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை தயார். நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பல லயக் காம்பராக்களுக்கு ஒரே ஜன்னல்தான். அதை மூடி ஒட்டினால் விறகடுப்புப் புகை உள்ளேயே தங்கும். பிள்ளைகளின் மூச்சுக்குக் கேடு. இரண்டு மூன்று இலைகள் போதும். அடுப்பு, குப்பி விளக்கு, மெழுகுவர்த்தி பக்கத்தில் கட்டாதீர்கள். ஒரே கூரையின் கீழுள்ள லயத்தில், ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ அடுத்த வீடுகளுக்கும் பரவும்.

மழை விட்டதும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். காற்றில் இலைகள் ஆடுவதைப் பிள்ளைகள் பார்த்து மகிழட்டும்.