இலையில் ஊர்ச்சோறு

மாதுங்காவில் இறங்கும் நம்மவர், தென்னிந்திய உணவென்னும் பலகையைக் கண்டதும் ஊர்ச்சோறு கிடைத்துவிட்டதாக மகிழ்வர். ஆனால், அங்கே சமைப்பது பெரும்பாலும் உடுப்பிக் கை. 1942இல் தொடங்கிய ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங், நிலையத்தருகே வாழையிலையிட்டுச் சோறு பரிமாறிப் புகழ்பெற்றது. சுவையில் குறையில்லை, எனினும் வெல்லம் சேரும் உடுப்பிச் சாம்பார் வேறு, நம் குழம்பு வேறு.

சென்ற மாதம் ஊரிலிருந்து வந்த என் பெரியப்பா, செம்பூரில் ஒரு விடுதியில் புளியோதரை கேட்டார். வந்ததோ தக்காளிச் சாற்றில் பிசைந்த சோறு! சோற்றை மீத்தறியாத அவர் பாதியில் எழுந்துவிட்டார். என் மகனோ, நன்றாயிருக்கிறதென்று முழுவதும் உண்டான். எனக்குக் கவலை தந்தது அதுதான்.

ஸ்பெயின் நாட்டு வாலென்சியா நகரத்தாருக்கும் இவ்வருத்தம் உண்டு. அவர்களுடைய பயேயா, அகன்ற தட்டைச் சட்டியில் கோழி, முயல், அவரை வகைகளுடன் குங்குமப்பூவிட்டு வேகும் நண்பகல் சோறு. அடியில் பிடிக்கும் காந்தலுக்கே அங்கு மதிப்பு. (நம் வீடுகளில் காந்தலுக்கு வசவுதான்!) கண்டதையெல்லாம் சேர்த்து அப்பெயரிட்டு விற்றால் அவர்கள் சினங்கொள்வர்.

நாமோ கேட்கவும் கூசுகிறோம். புளியைக் காய்ச்சினீர்களா, நல்லெண்ணெய்தானா என்று உட்காருமுன் கேட்டால் என்ன? தாராவியில் தலைமுறைகளாக வாழும் நெல்லைக் குடும்பத்தாரை விசாரித்தால், நல்ல இடம் சொல்வர்.

பெரியப்பா புறப்படுமுன் என் மனைவி புளிக்காய்ச்சல் செய்தாள். ஒரு கவளம் உண்ட மகன், “ஏனப்பா இவ்வளவு புளிக்கிறது?” என்றான். பெரியப்பா பேசாமல் அவன் இலையில் இன்னொரு கரண்டி இட்டார்.