அட்டையில் தவில் எங்கே?

துவாக்குடியில் என் பழைய மாணவர் ஒருவர், நாகசுர இசைத்தொகுப்பு ஒன்றுக்கு அட்டையும், அதே படத்தைக் கொண்டு மார்கழிச் சிறப்பிதழுக்குக் கால்பக்க விளம்பரமும் வடிவமைத்துக் காட்டினார். பட்டுச் சட்டையில் நாகசுரக் கலைஞர், பின்னே இராஜகோபுரம். தவில் கலைஞர் எங்கே என்றேன். "பெயர் உள்ளே இருக்கிறது ஐயா, படத்துக்கு இடமில்லை" என்றார்.

இதை அழகியல் என்று ஏற்க என்னால் இயலாது. 1940இல் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் கொலம்பியா நிறுவனத்துக்காக ஓவிய அட்டை வரையத் தொடங்கும்வரை, இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெற்றுக் காகித உறையில்தான் கிடந்தன. அவர் இசைக்கு முகம் தந்தார். நாமோ அதை ஒரு கலைஞரின் முகமாகச் சுருக்கிவிட்டோம்.

திருவரங்கத்தில் வாழ்ந்து 1999இல் மறைந்த ஷேக் சின்ன மௌலானாவின் கச்சேரியைக் கேட்டவர் அறிவர்: நாகசுரம் மூச்சு வாங்கும் இடத்தில் தவில் பேசும், தனியாவர்த்தனத்தில் நாகசுரமே கைகட்டிக் காத்திருக்கும். அந்தத் தவிலைப் படத்திலிருந்து வெட்டுவது பாதி இசையை வெட்டுவதாகும்.

இடமில்லையாம்! கோபுரத்துக்கு மட்டும் எப்படி இடம் வந்தது? கோபுரத்தை அகற்றித் தவிலை அமர்த்துங்கள். விளம்பரத்தில் இருவர் பெயரையும் ஒரே அளவில் இடுங்கள், இராகங்களையும் குறியுங்கள். வாங்குபவர் கேட்கப்போவது கோபுரத்தை அன்று.

மாற்றுக் கருத்துடையோர் மறுக்கட்டும், கேட்கக் காத்திருக்கிறேன்.