கணிப்பொறிக் கணக்கும் தில்லி மண்ணும்

2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியில் பூகம்பம் நேர்ந்தபோது, அதன் மையத்துக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஆமதாபாத்தில் அடுக்குமாடிகள் பல சரிந்தன. தமிழர்கள் கணிசமாக வாழும் மணிநகரும் தப்பவில்லை. வண்டி நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரின்றித் தூண்களை மட்டும் நிறுத்திக் கட்டியது ஒரு காரணம். சபர்மதி ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண் மற்றொன்று.

இது புதுமையல்ல. 1985 செப்டம்பர் 19-ல் மெக்ஸிகோ நகரம் அழிந்ததும் இப்படித்தான். பூகம்ப மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால், கடற்கரையில் இருந்தது. ஆனால் நகரின் பெரும்பகுதி வற்றிப்போன ஏரியின் களிமண் மீது அமைந்தது. அந்தக் களிமண் சுமார் இரண்டு விநாடிக்கு ஒரு முறை ஊசலாடியது. அதே தாளத்தில் ஆடக்கூடிய நடுத்தர உயரக் கட்டடங்களே அதிகம் விழுந்தன. கெட்டிப் பாறையில் விநாடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அலை, இளகிய மண்ணில் சில நூறு மீட்டராக, அதனினும் குறைவாகக்கூட, மந்தமாகிறது. வேகம் குறையக் குறைய ஆட்டம் பெருகுகிறது.

இதை முன்கூட்டியே கணக்கிட இன்று வழி உண்டு. பூமியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அடர்த்தியையும் விறைப்பையும் கணிப்பொறிக்குத் தருகிறார்கள். ஒரு கட்டத்தின் அசைவு அடுத்ததற்கு எப்படிச் செல்கிறது என்பதை நொடியின் சிறு பின்னங்களாக அது கணக்கிட்டுக்கொண்டே போகிறது. கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் வேலை பதினாறு மடங்காகும். ஆகவே பெரும் கணிப்பொறிகள் தேவை. பூகம்பம் எந்த நாளில் வரும் என்று இக்கணக்கு சொல்லாது. (அப்படிச் சொல்லித் திரியும் வதந்திக்காரர்களை நம்ப வேண்டாம்.) வந்தால் எந்தப் பேட்டை எவ்வளவு ஆடும் என்பதைச் சொல்லும்.

புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் எண்ணெய் தேடும் பணிக்காக இத்தகைய அலைக் கணக்குகளைச் செய்து வந்திருக்கிறது. பாராட்டுக்குரியதே. எண்ணெய்க்குக் காட்டும் அக்கறையை வாடகை வீட்டில் குடியிருப்போருக்கும் காட்டலாகாதா என்பதே நமது கேள்வி.

தலைநகரின் நிலை கவலைக்குரியது. ரிட்ஜ் பகுதியில் பாறை மேலேயே தெரிகிறது. யமுனைக்குக் கிழக்கே, நம்மவர் பலர் குடியிருக்கும் மயூர் விஹார் பக்கம், ஆற்று மண் ஆழமாகப் படிந்துள்ளது. நகர் முழுவதற்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பது வெளிப்படை. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் நூற்றுக்கணக்கான இடங்களில் மண்ணை ஆராய்ந்து, 2016-ல் தில்லிக்கு நுண்மண்டல அறிக்கை வெளியிட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் மூன்றாவது மாடியில் ஓர் அறைக்கு மாத வாடகை கொடுக்கும் குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் அது எட்டும் வடிவில் இல்லை. தம் காலடி மண் எந்த வகை, மேலே உள்ள கட்டடம் அதற்கேற்றதா என்று அவர்கள் யாரிடம் கேட்பது?

வார்டு வாரியாக மண் வரைபடத்தை இந்தியில் அச்சிட்டு மாநகராட்சி ஒவ்வொரு வட்டார அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். வரைபட அனுமதி கோரும் ஒவ்வொரு மனுவிலும் அந்த இடத்துக்குரிய ஆட்டக் கணக்கு இணைக்கப்பட வேண்டும். தூண்களின் மேல் நிற்கும் பழைய கட்டடங்களைச் சோதிக்கும் வேலையை யமுனையின் கிழக்குக் கரையிலிருந்து தொடங்குவதே முறை.