நாளைக்கு வருகிற மேஸ்திரி

வடலூரில் ஞான சபை கட்டும் வேலையை 1871-ல் தொடங்கினார்கள்; 1872 ஜனவரி 25-ந் தேதி, தைப்பூசத்தன்று, திறந்துவிட்டார்கள். அதே ஊரில், என் வீட்டு அடுப்படிக் கூரையை மாற்றச் சித்திரையில் அட்வான்ஸ் கொடுத்தேன். ஐப்பசி மழை அடுப்பிலேயே பெய்தது. என் மனைவி ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு குழம்பு தாளித்தாள்.

கேட்டால், "நாளைக்கு ஆள் வந்துடும் சார்" என்பார் மேஸ்திரி. பொய்யென்று சொல்ல முடியாது. ஆள் வந்தது, நெய்வேலியில் வேறொருவர் வீட்டுக்கு! என் பணம் அங்கே கூலியாயிற்று. அவர் பணம் எந்த வீட்டில் சிமெண்டாயிற்றோ!

எங்கள் வீட்டில் ஓடு இறக்கிய சித்தாள் ஒருநாள் வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க காசு குடுக்கலைன்னு மேஸ்திரி சொல்றாருங்க."

மூன்று வாரக் கூலி பாக்கியாம். அதை இரண்டாம் முறையாகக் கொடுத்தேன். அதுவரை ஏமாந்தவன் நான் ஒருவன்தான் என்றல்லவா நினைத்திருந்தேன்!

மேஸ்திரியை விடுங்கள். "தெரிஞ்ச ஆளு, கடுதாசி எதுக்கு?" என்று புத்தி சொன்ன நண்பரையும், தலையாட்டிய என்னையும்தான் சொல்ல வேண்டும். கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிறோம். லட்ச ரூபாய் வேலைக்கு ஒரு தாள் எழுதக் கூச்சப்படுகிறோம். வீடு கட்டித் தருவதும் சேவைதான், குறையிருந்தால் நுகர்வோர் வழக்குப் போடலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1993-லேயே சொல்லிவிட்டது. கடலூரில் அதற்கான ஆணையமும் இருக்கிறது. அங்கே போய் எதைக் காட்டுவது? என்னிடம் இருந்ததெல்லாம் சிகரெட் அட்டையின் பின்னால் அவர் போட்ட கணக்கு!

இப்போது மாடிப்படிக்கு வேறொரு மேஸ்திரியைப் பேசியிருக்கிறேன். முடிந்த வேலைக்குத்தான் பணம். வாரக் கூலி என் எதிரிலேயே சித்தாள் கையில் என்று எழுதி நீட்டினேன். நண்பருக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. மேஸ்திரி நிதானமாகப் படித்துவிட்டுப் பேனா கேட்டார்.