கவாஸ்கர் திட்டினால் என்ன?

2024 டிசம்பர், மெல்போர்ன் டெஸ்ட். ரிஷப் பந்த் வேண்டாத ஒரு ஷாட் அடித்து 28 ரன்னில் அவுட் ஆனார். வர்ணனையில் இருந்த கவாஸ்கர் 'ஸ்டுப்பிட்' என்று மூன்று முறை சொன்னார். "1975 உலகக் கோப்பையில் 60 ஓவரும் நின்று 36 ரன் எடுத்தவர் இதைச் சொல்லலாமா தாத்தா?" என்று என் பேரன் கேட்டான்.

தாராளமாகச் சொல்லலாம். 1983இல் சேப்பாக்கத்தில் மார்ஷல் பந்துவீச்சில் ரன் கணக்கைத் தொடங்கும் முன்பே இரண்டு விக்கெட் போய்விட்டது. நான்காவதாக இறங்கி 236 அடித்து அவுட்டாகாமல் நின்றவர் அவர். (எங்கள் புதுச்சேரி பிரெஞ்சுப் பள்ளியில் கால்பந்துதான், கிரிக்கெட்டை வானொலி கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.) விக்கெட்டின் விலை அவருக்குத் தெரியும்.

அவர் மட்டும் யோக்கியரா என்றால், இல்லை. 1981இல் அதே மெல்போர்னில், எல்.பி.டபிள்யூ. கொடுத்த கோபத்தில் கூட ஆடிய சேத்தன் சௌஹானையும் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார். மேனேஜர் துரானி எல்லைக்கோட்டருகே வந்து சௌஹானைத் திருப்பி அனுப்பினார். அந்த டெஸ்டில் நாம் ஜெயித்தோம். செய்தது தவறென்று கவாஸ்கரே பிற்பாடு சொல்லிவிட்டார்.

2025இல் லீட்ஸில் பந்த் சதம் அடித்தபோது, அதே வாய் 'சூப்பர்ப்' என்று மூன்று முறை சொன்னது. கணக்கு நேராகிவிட்டது.

இன்றைய வர்ணனையாளர்கள் பலருக்கு சிக்ஸர் அடித்தாலும் ஆஹா, அவுட்டானாலும் ஆஹா. அவர்கள் வந்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன்.