பிள்ளையையும் கேளுங்கள்

சுரங்க வேலை தலைமுறை தலைமுறைக்கும் நிலைக்கும் என்றுதான் கோலார் தங்கவயல் தமிழர்கள் நம்பியிருந்தனர். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புக்காகப் பலர் அன்றாடம் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர்.

அந்தப் பயத்தில்தான், நகையை அடகு வைத்தாவது பிள்ளையை இஞ்சினீயராக்கிவிடப் பெற்றோர் துடிக்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், மனம் ஒட்டாத படிப்பில் பிள்ளை தவறிவிட்டால் பட்டமும் வராது; கடன்தான் மிஞ்சும்.

இயந்திரத்தில் நாட்டமுள்ளவன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் தொழில் கற்கச் செலவு குறைவு. பிறகு அப்ரண்டிஸாகச் சேர்ந்தால், 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகையும் உண்டு.

எந்த வேலையும் சாசுவதமல்ல என்பதைத் தங்கவயலைவிட நன்கறிந்த ஊர் எது? விரும்பிக் கற்ற தொழிலே கடைசிவரை கைகொடுக்கும். பணம் கட்டுமுன் பெற்றோர் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.