காதைப் படிக்கும் படிப்பு

பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இன்னும் "அம்மா" என்ற வார்த்தை வரவில்லை. ஆச்சி வசம்பை உரைத்து நாக்கில் தடவுகிறாள். "இவன் அப்பனும் நாலு வயசில் தான் வாயைத் திறந்தான். நீ கவலைப்படாதே, தாயி" என்று மருமகளைத் தேற்றுகிறாள். குலதெய்வத்துக்கு நேர்ச்சையும் ஆயிற்று.

பாபநாசம் மலையடி முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரையில் இந்தப் பேச்சு புதிதல்ல. ஆச்சியைக் குறை சொல்வதற்கும் இல்லை. அவள் அறிந்ததை அவள் செய்கிறாள். ஆனால் குறை நாக்கில் இல்லையே! காதில் அல்லவா இருக்கிறது? கேளாத பிள்ளை எப்படிப் பேசும்?

அதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. ஆங்கிலப் பெயர் ஆடியாலஜி. தமிழில் கேட்பியல் என்கிறார்கள். காது வைத்தியர் வேறு, கேட்பியல் நிபுணர் வேறு. சீழ் வடிந்தால் மருந்து கொடுப்பவர், ஜவ்வு கிழிந்தால் தைப்பவர் வைத்தியர். எவ்வளவு கேட்கிறது, எந்தச் சுருதி கேட்கவில்லை, அதற்கு என்ன கருவி, அந்தக் கருவியை எப்படிப் பழக்குவது என்று பார்ப்பவர் கேட்பியல் நிபுணர். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது.

இந்தப் படிப்புக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் என்ன சம்பந்தம்? நிறைய உண்டு.

1897-ல் தொடங்கிய பள்ளி

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம் என்று இந்தியாவில் பலரும் நினைத்துக்கூடப் பார்க்காத காலம். 1897-ல் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவைன்சன் என்ற ஆங்கில மாது அவர்களுக்காக ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். இந்தியாவிலேயே இத்தகைய பள்ளிகளில் பழமையானவற்றுள் ஒன்று அது. இன்று மேல்நிலைப் பள்ளியாக வளர்ந்து, அவர் பெயரிலேயே நடந்து வருகிறது.

அப்போது "கேட்பியல்" என்ற சொல்லே உலகத்தில் கிடையாது! இரண்டாவது உலகப் போரில் குண்டுச் சத்தத்தால் காது போய் ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்காகத் தான் இந்தத் துறை உருவாயிற்று. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் கார்ஹார்ட் என்ற பேராசிரியர் அதை ஒரு பாடமாகவே ஆக்கினார். அதாவது, படிப்பு பிறப்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே பாளையங்கோட்டையில் அதற்கான மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தியாவில் இந்தப் படிப்புக்கு 1965-ல் வழி பிறந்தது. அந்த ஆண்டு மைசூரில், மானசகங்கோத்ரியில், அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தை மத்திய சர்க்கார் அமைத்தது. அதே 1965-ல் தான் திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரியும் வந்தது. பழைய பள்ளி ஒரு பக்கம், பெரிய ஆஸ்பத்திரி ஒரு பக்கம். இடையே ஓர் ஆட்டோவில் போய் வரும் தூரம்!

என்ன படிக்கிறார்கள்?

பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. மூன்று ஆண்டு பாடம், கடைசி ஓராண்டு பயிற்சி. பேச்சு வைத்தியமும் கேட்பியலும் சேர்ந்தே ஒரு பட்டம். பிளஸ் டூவில் பௌதிகம், ரசாயனத்தோடு உயிரியலோ கணிதமோ படித்தவர்கள் சேரலாம். மேலே இரண்டாண்டு படித்தால் கேட்பியலில் தனியாக முதுகலைப் பட்டம் உண்டு. அமெரிக்காவில் பட்டம் பெற்ற பிறகும் நான்கு ஆண்டு படித்து டாக்டர் பட்டம் வாங்கினால் தான் இந்தத் தொழிலுக்கு வர முடியும். இங்கே அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

காதின் அமைப்பு, நரம்பு, ஒலியின் பௌதிகம், கருவிகளின் மின்னணு நுட்பம், மனோதத்துவம், மொழியியல் எல்லாம் பாடத்தில் வருகின்றன. பாதி டாக்டர், பாதி எஞ்சினீயர், மிச்சத்துக்குத் தமிழ் வாத்தியார்!

தமிழ் வாத்தியார் எதற்கு என்று கேட்கலாம். விஷயமே அதில் தான் இருக்கிறது.

கைக்குழந்தைக்குச் சோதனை செய்ய மொழி வேண்டாம். காதில் சிறு குழாயை வைத்து மெல்லிய ஒலியை அனுப்பினால், உள்காது நன்றாக இருந்தால் அதுவே ஓர் எதிரொலியைத் திருப்பி அனுப்பும். சில நிமிஷத்தில் முடிந்துவிடும். சந்தேகம் வந்தால் பிள்ளை தூங்கும்போது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் கம்பியை ஒட்டி, ஒலி மூளைக்குப் போகிறதா என்று பார்க்கிறார்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட கணக்கு. நான்கு வயது வரை வசம்பை நம்பிக் காத்திருந்தால், மூளை மொழியைப் பிடிக்கும் பருவம் கைநழுவிப் போகும்.

பேசத் தெரிந்தவர்களுக்குச் சோதனை என்னும்போது தான் மொழி வருகிறது. வயதான தாத்தா, "சத்தம் கேட்கிறது, வார்த்தை தான் புரியவில்லை" என்பார். அது பாசாங்கு அல்ல. மெல்லிய மெய்யொலிகள் தான் முதுமையில் முதலில் நழுவுகின்றன. உயிரொலி மட்டும் நிற்கும். பாட்டி "வடை வேணுமா?" என்று கேட்டால் தாத்தாவுக்குக் கடையா, தடையா, படையா, எது என்று தெரியாது. இதை அளக்கத் தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பட்டியலை வைத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்து விவசாயியைச் சோதித்தால் அது காதுக்குச் சோதனையா, இங்கிலீஷுக்குச் சோதனையா?

பேச்சுப் பயிற்சியிலும் இதே கதை தான். வீட்டில் தாய் "ஏட்டி, இங்கன வா" என்று கூப்பிடுகிறாள். மதினியை "மைனி" என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் "அண்ணாச்சி". பிள்ளை முதலில் கேட்டுப் பழக வேண்டியது இந்தப் பேச்சை. பாடப் புத்தகத் தமிழில் மட்டும் பழக்கிவிட்டால், பயிற்சி அறையில் பேசும் பிள்ளை வீட்டுத் திண்ணையில் ஊமையாக நிற்கும். நெல்லைப் பேச்சு காதில் ஊறிய ஒருவர் இந்த வேலைக்கு வந்தால், அதுவே பாதிப் படிப்பு.

அறுவையோடு முடிவதில்லை

காதுக்குள் மின்முனைகளைப் பொருத்தும் காக்ளியர் அறுவைச் சிகிச்சையைத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். லட்சக்கணக்கான ரூபாய் செலவாகும் காரியம். பாராட்ட வேண்டியது தான். ஆனால் அறுவை முடிந்த அன்று பிள்ளைக்கு எதுவும் கேட்காது! சில வாரம் கழித்துக் கருவியை இயக்கி, ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு ஒலி என்று பார்த்துப் பார்த்துச் சரி செய்ய வேண்டும். பிறகு மாதக்கணக்கில் கேட்டல் பயிற்சி. வாரா வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் பஸ் ஏற வேண்டும். பீடி சுற்றிப் பிழைக்கும் தாய்க்கு ஒரு நாள் பயணம் என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. பக்கத்தில் நிபுணர் இல்லையென்றால் எத்தனை நாள் போவாள்? கருவி பெட்டிக்குள் போய்விடும்.

அறுவைக்குப் பணம் ஒதுக்குவது போலப் பயிற்சியாளருக்கும் இடம் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் செலவழித்த லட்சம் வீண்.

தேவை பிள்ளைகளோடு நிற்கவும் இல்லை. விக்கிரமசிங்கபுரத்து ஆலையின் இரைச்சலில் வாழ்நாளைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள். எட்டு மணி நேரம் உழைக்கும் இடத்தில் 85 டெசிபலைத் தாண்டினாலே ஆபத்து என்பது நிபுணர் கணக்கு. கொடை விழாவில் நான்கு திசையிலும் குழாய் கட்டி வைக்கும் ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உறவுக்குள் கொண்டு கொடுக்கும் வழக்கமும் உண்டு. மாமன் மகளைக் கட்டினால் பிள்ளைக்குக் காது கேட்காது என்று அர்த்தமல்ல. இரு பக்கமும் ஒளிந்திருக்கும் குறை ஒன்று சேர வாய்ப்பு அதிகம், அவ்வளவு தான். அதைக் குடும்பத்தின் மனம் நோகாமல் எடுத்துச் சொல்வதும் இந்தப் படிப்பில் ஒரு பாடம்.

கேளாத பிள்ளை எல்லாம் பேசியே ஆக வேண்டும் என்று அடம் பிடிப்பதும் சரியல்ல. பாளையங்கோட்டைப் பிள்ளைகள் கையால் பேசுவதைப் பார்த்தவர்கள், சைகை மொழி எந்த மொழிக்கும் இளைத்ததல்ல என்று அறிவார்கள். எந்தப் பிள்ளைக்குக் கருவி, எந்தப் பிள்ளைக்குச் சைகை, எதற்கு இரண்டும் என்று தெரிந்து சொல்பவரே நல்ல நிபுணர்.

யார் வேண்டுமானாலும் வரலாமா?

1992-ல் வந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவர் தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் இந்தக் காலத்தில் யாரைப் பயமுறுத்தும்? சோதனையே இல்லாமல் காது மிஷினைத் தேங்காய் விற்பது போல விற்பவர்கள் அதனால் தான் துணிகிறார்கள். ஒருவர் காதுக்கு அமைத்த மிஷின் இன்னொருவருக்கு வெறும் இரைச்சல். வாங்குகிறவர்கள் முதலில் பதிவு எண்ணைக் கேட்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு டாக்டர், எஞ்சினீயர் தவிர வேறு படிப்பு கண்ணில் படுவதில்லை. மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளை வீட்டில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும். இந்தப் பட்டத்துக்கு ஆஸ்பத்திரியிலும், பள்ளியிலும், கருவிக் கம்பெனியிலும், வெளிநாட்டிலும் வேலை இருக்கிறது. சொந்தமாக அறை போட்டும் நடத்தலாம்.

கல்லூரிகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. சென்னையிலும் மைசூரிலும் படிக்கும் மாணவர்கள் கடைசி ஆண்டுப் பயிற்சியைப் பெரிய நகரத்து ஆஸ்பத்திரியிலேயே கழிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? அதில் மூன்று மாதத்தைத் திருநெல்வேலிக்கு ஒதுக்கட்டும். காலையில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளுக்குச் சோதனை, பிற்பகலில் பாளையங்கோட்டைப் பள்ளி, வாரத்தில் ஒரு நாள் சேரன்மகாதேவியோ அம்பாசமுத்திரமோ. இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். பல்கலைக்கழகமும் சுகாதார இலாகாவும் உட்கார்ந்து ஓர் உத்தரவு போட்டால் போதும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன்பே போடலாம்.